ரெண்டுகாலி

முத்துப்பேட்டை
3.2.2025

ஃபஹ்மிதா லாத்தாவுக்கு,

ஸலாம். அதைச் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் உன் தம்பியிடம் மரியாதை எதிர்பார்க்காதே.

நம் அத்தா உட்கார்ந்து தொழ நீ வரைந்து அனுப்பி, நான் செய்துகொடுத்த நாற்காலி பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பாங்கு சொல்கிற மோதினார் அதைச் சைக்கிள் கேரியரில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினார். "ஒங்க ரெண்டுகாலிய நீங்களே வச்சுக்கங்க தம்பி" என்றார். நாலு கால் இருந்தால்தானே நாற்காலி, இதற்கு இரண்டுதானே என்று ஒரு வாரமாக ஊரில் அதற்கு அந்தப் பெயர். முதலில் ஆசையாகத்தான் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் எழுந்திருக்கிற நேரம். அத்தாவுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசையில் நிற்கிற அரிசி மண்டி அப்துல் ரஹ்மான் மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்: "ஏன் மச்சான், நீங்க குந்துற எடத்துக்குக் கீழ வைக்கிறதுக்குத்தான் அல்லா எனக்கு நெத்தியக் குடுத்தானா?"

அத்தா செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கடைத்தெருப் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கால் எல்லாம் புழுதியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லை.

போன வருஷம் நோன்புக்கு அப்புறம் அத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதபோது என்ன நடந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். அதன் பின்னங்கால் பின்வரிசைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மாமா நெற்றியைத் தரையில் வைக்க, சுஜூதுக்குக் குனிந்தபோது அது இடித்து ரத்தம் வந்தது. அவர் அன்றைக்கு அதைத் துடைத்துவிட்டுப் போனார். அத்தாதான் வெட்கப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். அங்கே நாற்காலிக்காரர்களோடு நாலு நாள் உட்கார்ந்தார், அப்புறம் போவதையே நிறுத்திவிட்டார். நாற்பது வருஷமாக இரண்டாவது வரிசையில் மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் நின்றவர். நீ வந்து சரி செய்கிறேன் என்றாய். வரவில்லை, படம் வந்தது. இப்போது முன்னால் இருந்ததைவிடக் கேவலம்.

நோன்புக்கு ஒரு மாதம்கூட இல்லை. ரமலானில் ஒருநாளும் அத்தா ஜமாஅத்தைத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் கட்டிலில் உட்கார்ந்து தனியாகத் தொழப் போகிறாரா? இதற்குப் பதில் சொல்.

போனில் கூப்பிடாதே. நான் கத்துவேன், அத்தா காதில் விழும். வாட்ஸ்அப்பும் வேண்டாம், அதைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஜாஹித்


பெங்களூரு
7.2.2025

ஜாஹிதுக்கு,

உன் ஸலாமுக்குப் பதில் ஸலாம். அதுவும் கடமைதான்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுப் படத்தை எடுத்து மறுபடி எல்லா அளவையும் சரிபார்த்தேன். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சில கேள்விகள். கோபப்படாமல் பதில் எழுது, முடிந்தால்.

இருக்கையின் உயரம் பதினேழரை அங்குலம் என்று போட்டிருந்தேன். குறைத்தாயா? தரையில் ஓடும் இரண்டு குழாய்க்கும் நடுவில் இரண்டடி விட்டிருந்தேன். அதில் கையை வைத்தாயா? பின்பக்கம் குறுக்குச்சட்டம் போடவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். பயந்துபோய் ஒன்றைப் பற்றவைத்தாயா? இதில் ஏதாவது ஒன்று மாறியிருந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு இடைஞ்சல் வரும். என் படத்தின்படி செய்திருந்தால் அப்துல் ரஹ்மான் மாமாவின் நெற்றி எதிலும் படாமல் போய் வரும்.

நீ என்னவோ நான் பொழுது போகாமல் வரைந்தேன் என்பது மாதிரி எழுதுகிறாய். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, அதை யாரும் சும்மா செய்யவில்லை. ஒரே அச்சில் ஒரே வார்ப்பு, ஆணி கிடையாது, மூட்டு கிடையாது. காலைப் பரப்பி நிற்பதால்தான் கல்யாண மண்டபத்தில் இருபதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடிகிறது. உலகம் முழுக்க அது பரவியதற்கு அந்தப் பரப்பின கால் ஒரு காரணம். அதே கால்தான் மாமாவின் நெற்றியைக் கிழித்தது. அத்தாவால் நிற்க முடியும், குனியவும் மண்டியிடவும்தான் முடியாது. நிற்கும்போது அவர் குதிகால் வரிசைக் கோட்டில் இருக்க வேண்டும். அப்படியென்றால் நாற்காலி முழுக்கப் பின்வரிசைக்குள்தான் போயாக வேண்டும். வேறு இடமே இல்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எரிவாயுக் குழாயை வைத்துப் பின்னங்கால் இல்லாத நாற்காலி ஒன்றைச் செய்தார்கள். முன்னால் மட்டும் இரண்டு கால், இருக்கை அந்தரத்தில் நிற்கும். அதற்கு அப்புறம் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் செய்துவிட்டார்கள், எல்லாம் பார்வைக்காக. அந்த வெற்றிடம் எதற்காவது உபயோகப்படும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். அதில் ஒரு மனுஷன் சுஜூது செய்யலாம் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் நாற்காலி வரைந்து எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அது.

அந்தப் பள்ளிக்குள் நான் ஒரு வக்துத் தொழுகைக்குக்கூட நின்றதில்லை, பெண்ணை யாரும் நிற்கவும் விட மாட்டார்கள். வரிசைக்கு வரிசை நாலடி என்று அளந்து எழுதியது நீ. நீ அனுப்பிய போட்டோவையும் பார்த்தேன். மாமாவின் தலைக்கு மேல் அரையடி இடைவெளி இருக்கிறது. அதில் எனக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை.

ஃபஹ்மிதா


முத்துப்பேட்டை
12.2.2025

லாத்தா,

உயரத்தைக் கேட்கிறாயா நீ? அந்த ஆள் மானம் போச்சு என்கிறார், நீ அரையடி இடைவெளி இருக்கிறதே என்கிறாய்! ஒருத்தர் உட்காருகிற இடத்துக்குக் கீழே இன்னொருத்தர் நெற்றியை வைப்பது என்ன என்று உனக்கு எழுதிப் புரியவைக்க வேண்டுமா? மாமாவின் தலை எதிலும் இடிக்கவில்லை. இடித்திருந்தால்கூடத் தேவலை. போன தடவை ரத்தம் வந்தபோது அவர் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

உன் படத்தில் நான் ஒரு நூல்கூட மாற்றவில்லை. குழாய்க்குள் மணல் நிரப்பி, நசுங்காமல், மடிப்பு விழாமல் வளைத்தேன். மூன்று குழாய் வீணாகி நாலாவதில்தான் வந்தது. சம்பா அறுப்பு நேரம், அறுப்பு மிஷின்காரன் உடைந்த பிளேடை வைத்துக்கொண்டு வாசலில் நின்று திட்டினான். அவனை நிற்கவைத்துவிட்டு இதைச் செய்தேன். ஒயர் பின்னலைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை போட்டேன். அத்தா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "விழுந்துர மாட்டேனே?" என்று கேட்டார். அப்புறம் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் இருந்தது. அதையாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என் தப்பு.

இப்போது பாங்கு சொல்கிற சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். தொழவைக்கிற ஹஜ்ரத் விசாரித்ததற்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பச் சொன்னார். அத்தா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் போய் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த நாற்காலி யாருக்கு? அத்தாவுக்கா, மார்ச்சில் உங்கள் ஊரில் நடக்கிற கண்காட்சிக்கா? "பின்னால் இருப்பவர் தலை கீழே போகிற அந்த நொடியில் பக்கவாட்டிலிருந்து எடு, அதுதான் முக்கியம்" என்று எழுதினது யார்? அத்தா எப்படி இருக்கிறார், வலி குறைந்ததா என்று அதில் ஒரு வரி உண்டா? புதன்கிழமை மத்தியானம் லுஹருக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று திருடன் மாதிரி எடுத்தேன். தொழுகிறவர்களை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உனக்காக எடுத்தேன்.

இரண்டு வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை. அத்தாவின் முட்டியை உனக்குப் படத்தில்தான் தெரியும். வலது முட்டி வீங்கி இடதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதை எந்தக் கண்காட்சியில் வைப்பாய்?

ஜாஹித்


பெங்களூரு
17.2.2025

ஜாஹித்,

ஸலாம் கிடையாது. உன்னோடு பேச எனக்கு இப்போது நாக்கு வரவில்லை.

நேற்று தஹ்மீனா போன் செய்தாள். சின்னம்மா மகள் என்பதால் அவளுக்கு நம் வீட்டில் நடப்பது எல்லாம் தெரியும் என்று நீ நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கண்காட்சிக்குக் கேட்ட போட்டோவை நீ எனக்கு மட்டும் அனுப்பவில்லை. அன்றைக்கே நம் பள்ளி மஹல்லாவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறாய். "எங்க லாத்தா டிசைன், எங்க பட்டறை வேலை, மாஷா அல்லாஹ்" என்று எழுதி, பக்கத்தில் மூன்று பூ.

மூன்று பூ!

சனியிலிருந்து புதன் வரை ஐந்து வக்தும் மாமா அந்த நாற்காலிக்குப் பின்னால்தான் தொழுதார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று யோசித்தாயா? சுஜூதில் கண் தரையைப் பார்க்கிறது. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தொழுகிறவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அதை அவருக்குப் பக்கவாட்டிலிருந்து எடுத்துக் காட்டினது நீ. எல்லாரும் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பேரனிடம் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாராம். நாற்பது வருஷம் பழகின மனுஷன் தன்னை எந்த இடத்தில் பார்த்தார்! யார் யார் பார்த்தார்கள் என்று குரூப்பில் எண்ணிப் பார்த்திருப்பார்.

அதனால்தானே வாட்ஸ்அப்பை எடுத்தாய்? எடுத்துவிட்டு எனக்கு எப்படி எழுதினாய், நீ வரவில்லை, நீ கேட்டாய், உனக்காக எடுத்தேன் என்று! இரண்டு கடிதம் எழுதி, இரண்டிலும் உன் பங்கை மறைத்திருக்கிறாய். சின்ன வயதில் அத்தாவின் கடைத் தராசைக் கீழே போட்டு உடைத்துவிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தவன்தானே நீ.

என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன், உன்னைப் போல மறைக்க எனக்குத் தெரியாது. போட்டோ கேட்டது நான். கண்காட்சிப் பலகையில் "என் தந்தைக்காக" என்று எழுதி, மூன்று முறை திருத்தி, அழகான எழுத்தில் அடித்து வைத்ததும் நான். அத்தாவுக்கு நாற்காலி பிடித்ததா என்று கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்கவில்லை. பலகை சரியாக வந்ததா என்பதில் இருந்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதிதான் உன்மேல் வருகிறது, அந்தப் பாதியே உனக்குத் தாங்காது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. செய்து முடித்ததும் சோதித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதினாயே. யாரை வைத்துச் சோதித்தாய்? பின்னால் குனிந்து பார்த்தவனுக்கு அது உறைக்கவில்லையா? அவன் என்ன மரமா?

ஃபஹ்மிதா


முத்துப்பேட்டை
21.2.2025

லாத்தா,

மரம்தான். நான்தான் அது.

குரூப்பில் போட்டது நிஜம். மறைத்ததும் நிஜம். தராசை உடைத்ததும் நானே, அதற்கு நீ வாங்கின அடியை நான் கதவிடுக்கில் பார்த்தேன். போதுமா? பீரோ, கட்டில், கேட்டு, ஜன்னல் கம்பி. பதினாறு வருஷத்தில் என் பட்டறையிலிருந்து வேறு எதுவும் வெளியே போனதில்லை. ஒருத்தன்கூட நின்று பார்த்து இது யார் செய்தது என்று கேட்டதில்லை. இதைக் கேட்டார்கள். ஹஜ்ரத் தடவிப் பார்த்து, பற்றவைத்த இடமே தெரியவில்லையே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, போட்டுவிட்டேன். உன் பெயரையும் சேர்த்துத்தான் போட்டேன் என்பதைக் கவனி.

சோதித்த கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

ஜனவரி இருபத்துநாலு, சாயங்காலம் அஸர் நேரம். பட்டறையில் தரையைக் கழுவி, பாய் விரித்து, சாக்பீஸில் வரிசைக் கோடு போட்டேன். அத்தா முன்னால் நின்று, குதிகாலைக் கோட்டில் வைத்து, அப்புறம் உட்கார்ந்தார். நாலடி தள்ளி நான் நின்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? குனிந்தேன், மண்டியிட்டேன், நெற்றியைத் தரையில் வைத்தேன். தலை இரண்டு குழாய்க்கும் நடுவில் சொகுசாகப் போனது. காதுக்குப் பக்கத்தில் ஒயர் கிறீச்சென்றது. அத்தாவின் கால் தெரிந்தது, வெடிப்பும் புழுதியுமாக, எவ்வளவோ நாளாயிற்று அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து.

லாத்தா, எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. என் தலை அத்தாவுக்குக் கீழே இருக்கிறது, அதில் என்ன? அது எப்போதும் அங்கேதானே இருக்கிறது? எனக்கு எழுந்திருக்க மனசே வரவில்லை. அத்தாதான், "என்னடா, தூங்கிட்டியா?" என்று கேட்டார். எழுந்து, சரியாக இருக்கு அத்தா என்றேன். உனக்கும் அப்படியே எழுதினேன். அப்துல் ரஹ்மான் மாமா அவருக்கு மகன் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

இதுதான் நடந்தது. இது என் முட்டாள்தனமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ இனிமேல் மரம் என்று எழுதாதே.

நேற்று அத்தா அம்மாவிடம், நோன்புக்குக் கட்டிலைத் தொழுகிற கிப்லா பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். நான் திருப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கட்டில் அப்படியே இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

ஜாஹித்


பெங்களூரு
25.2.2025

ஜாஹித்,

ஒன்பது படம் வரைந்தேன். மடக்குகிற இருக்கை, பக்கவாட்டில் சுழல்கிற இருக்கை, தூணிலேயே பொருத்துகிற பலகை, இருக்கைக்குக் கீழே துணி கட்டி மறைப்பது, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். துணியைக் கட்டினால் மாமா துணிக்குக் கீழே நெற்றியை வைத்தேன் என்பார். தூணில் ஆணியடிக்க ஜமாஅத்தார் விட மாட்டார்கள். உன் ரெண்டுகாலியைவிட நல்லதாக எதுவும் வரவில்லை.

அப்புறம் முதல் படத்தை எடுத்துப் பார்த்தேன். அத்தாவை முழுசாக வரைந்திருக்கிறேன், தொப்பி, முழங்கால், கை எல்லாம். பின்னால் இருப்பவருக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். தலைக்கு ஒரு வட்டம், குறுக்களவு ஏழு அங்குலம். அவர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் செய்த தப்பு அது.

இப்போது அந்த வட்டத்துக்குள் பெயர் எழுதியிருக்கிறேன். உன் பெயர்தான்.

நீ ஏன் அத்தாவுக்குப் பின்னால் நிற்கவில்லை? இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது, அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். நீயும் முத்துப்பேட்டையில் இருக்கிறாய், நீயும் ஐந்து வக்து தொழுகிறாய், வீட்டிலிருந்து அந்தப் பள்ளி கூப்பிடு தூரம். அப்புறம் ஏன் கடைத்தெருப் பள்ளி? பட்டறைக்குப் பக்கம் என்று சொல்லாதே. அத்தாவோடு போனால் உன் தொப்பி கோணல், நீ கை கட்டினது கோணல், நீ சீக்கிரம் எழுந்தாய் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வருவார். அதற்குப் பயந்து பத்து வருஷமாக வேறு பள்ளிக்குப் போகிறவன், நான் ஊருக்கு வரவில்லை என்று எழுதுகிறான்! போட்டோ எடுக்க ஜன்னல் வரைக்கும் போனாயே, உள்ளே போய் அவருக்குப் பின்னால் நின்றிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா?

போய் நில். மாமாவிடம் பேசி அந்த இடத்தை வாங்கு. கெஞ்சினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. முதல் நோன்புக்கு அத்தா அவர் இடத்தில் இருக்க வேண்டும்.

கண்காட்சியிலிருந்து நாற்காலியை எடுத்துவிட்டேன். உனக்காக என்று பெருமைப்படாதே.

ஃபஹ்மிதா


முத்துப்பேட்டை
10.3.2025

லாத்தாவுக்கு,

ஸலாம். இந்தத் தடவை மனசார.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். தொப்பி கோணல் என்பது வரைக்கும் எழுத உனக்கு என்ன உரிமை? நிஜம் என்பதால் எதை வேண்டுமானாலும் எழுதுவதா?

மாமாவிடம் போனேன். அரிசி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினார். கடைசியில், "அந்த எடம் எனக்கு வேணாம். நான் நாலாவது வரிசைக்குப் போயி மூணு வாரமாச்சு. எவன் வேணும்னாலும் நிக்கட்டும்" என்றார். அத்தாவிடம் வந்து, பின்னால் ஆளே இல்லை அத்தா, இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை, முழுசும் நிஜமும் இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நோன்பன்றைக்கு அஸர் தொழுகைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு எழுந்தார்.

நாற்காலியை நான்தான் தூக்கிப் போனேன். மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் போட்டேன். அத்தா யாரையும் பார்க்காமல் கோட்டில் குதிகாலை வைத்து நின்றார். நான் பின்னால் போய் நின்றேன். தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். ஹஜ்ரத் வழக்கம்போல வரிசையைச் சரி செய்யச் சொன்னார். அத்தா நாற்காலி நேராக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"நீயா நிக்கிறே?"

"ஆமா அத்தா."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். "எடுத்துட்டுப் போடா இத. பெத்த புள்ள தலைக்கு மேல குந்திக்கிட்டு நான் தொழணுமா? எனக்கு வேணாம். நான் நின்னுக்கிட்டே தொழுறேன்."

சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். வலது கால் வெடவெடவென்று ஆடியது. நான் அழுதுவிட்டேன் லாத்தா, பள்ளிக்குள், இருநூறு பேருக்கு நடுவில். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்குப் பரவாயில்லை என்றால் உங்களுக்கு என்ன என்று கத்த வேண்டும் போல இருந்தது.

கத்தினது நான் இல்லை. நாலாவது வரிசையிலிருந்து அப்துல் ரஹ்மான் மாமா. "அப்போ ஒங்க மவன் தலைன்னா ஒசத்தி, என் தலைன்னா மட்டம், அப்படித்தானே மச்சான்? மவன் நின்னா கூசுது. நான் நின்னப்போ கூசலியா?"

ஹஜ்ரத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார். அத்தா தூணை விடாமல் சொன்னார், சத்தமாகக்கூட இல்லை: "நீ நிக்கிறேன்னு நான் என்னிக்குத் திரும்பிப் பாத்தேன், அப்துல் ரஹ்மானு? நாப்பது வருஷமா என் முதுகுக்குப் பின்னால நீ இருக்கே. என் முதுகு இருக்கான்னு நான் திரும்பிப் பாப்பேனா?"

மாமா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். என் சட்டைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். தையல் விட்டுவிட்டது.

"நவுருடா. இது என் எடம்."

அவரே நாற்காலியை இழுத்துக் கோட்டுக்குச் சரியாகப் போட்டார். "குந்துங்க மச்சான். ஹஜ்ரத்த எம்புட்டு நேரம் நிக்க வைப்பீங்க?" என்று அதட்டினார். அத்தா தூணை விட்டுவிட்டு நேராக நின்றார். தக்பீர் கட்டித் தொழுகை தொடங்கினார்கள். எனக்கு வரிசையில் இடம் இல்லை. கடைசி வரிசைக்குப் போய் நாற்காலிக்காரர்களுக்கு நடுவில் நின்று தொழுதேன்.

இரண்டு பேரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. மாமா தொழுகை முடிந்ததும் ஏதாவது குறை சொல்கிறார், குழாய் பளபளவென்று கண்ணைக் கூசுகிறது, ஒயர் சத்தம் போடுகிறது என்று. அத்தா காதில் வாங்குவதில்லை. ஆனால் ஐந்து வக்தும் போகிறார்.

எனக்கு மட்டும் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அத்தாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தோன்றியது, அதுவும் நீ திட்டி. ஒரு ரக்அத்துகூடத் தொழவில்லை, அந்த மனுஷன் பிடுங்கிக்கொண்டார். இப்போது தினமும் பாங்கு சொல்வதற்கு முன்பே பட்டறையைச் சாத்திவிட்டு, எப்படியாவது அந்த இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறேன். எட்டு நாளாக ஓடுகிறேன். ஒவ்வொரு தடவையும் மாமா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஜாஹித்